பல விதமாகக் கற்கும் பிள்ளைகளுக்கு ஒரே வகுப்பில் பாடம் நடத்துவது எப்படி?

வகுப்பில் நாற்பது பேர். அதில் இரண்டு பேருக்கு வாசிப்பு ஏறவில்லை. ஒருவனால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. ஒருத்தி காதில் கருவி மாட்டியிருக்கிறாள். பலகையில் நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மூன்று பேர். என் முதல் ஆண்டு இப்படித்தான் தொடங்கியது. "எல்லோருக்கும் ஏற்ற மாதிரி நடத்துங்கள்" என்று சொன்னார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். தினமும் இரவு உட்கார்ந்து நான்கு வகைப் பயிற்சித்தாள் தயாரித்தேன். மூன்று வாரம் தாங்கியது. அப்புறம் உடம்பு முடியவில்லை. அதைவிடப் பெரிய சேதம் வகுப்பில் நடந்தது. எளிய தாள் யாருக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தத் தாளை வாங்கிய பையன் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பாடவேளை முடியும்வரை மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

நாற்பது பேருக்கு நாற்பது பாடம் தேவையில்லை, நான்கு பாடம்கூட வேண்டாம். பாடம் ஒன்றுதான். அதற்குள் நுழைய இரண்டு மூன்று வழி, கற்றதைக் காட்ட இரண்டு மூன்று வழி. இவ்வளவைத் திட்டமிட்டால் போதும். இது எனக்குப் புரிய இரண்டு ஆண்டு பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. முதல் இரண்டு வாரம் பாருங்கள், எழுதுங்கள்

ஒரு நோட்டு எடுத்து, ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு நான்கு பிள்ளைகளை மட்டும் கூர்ந்து பாருங்கள். பத்து வேலை நாளில் நாற்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். இதற்குத் தனி நேரம் வேண்டாம். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது நடந்தபடியே குறித்துக்கொள்ளலாம்.

என்ன எழுதுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். "அக்கறை இல்லை", "மந்தம்", "சேட்டை" என்று எழுதினால் அந்தப் பக்கம் வீண். அது உங்கள் தீர்ப்பு, அதை வைத்து நாளைக்கு எதையும் மாற்ற முடியாது. கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். தேதி, என்ன வேலை, என்ன நடந்தது, எவ்வளவு நேரம் ஆனது.

எளிய தாளை மடித்து வைத்த அந்தப் பையனைப் பற்றி முதல் மாதம் நான் எழுதியிருந்தது, "பலகையில் இருப்பதை எழுதுவதில்லை". ஒரு நாள் அவன் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். 'பொருள்' என்ற சொல். நிமிர்ந்து பலகையைப் பார்த்தான், குனிந்து ஒரு கொம்பு போட்டான். மறுபடி நிமிர்ந்தான், 'ப' எழுதினான். மறுபடி நிமிர்ந்தான், தான் விட்ட இடத்தைத் தேடினான், கால் போட்டான். ஒரு சொல்லுக்கு எட்டு முறை தலை நிமிர்ந்தது. அவன் எழுதாமல் இருக்கவில்லை. சொல்லாகப் படித்து எழுத முடியாமல், ஒவ்வொரு கோடாகப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான். நான்கு வரிக்குப் பன்னிரண்டு நிமிடம். பலகையில் இருந்ததை ஒரு தாளில் எழுதி மேசையிலேயே வைத்தபோது அதே அளவு வரி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அந்த இரண்டு எண்களும் நோட்டில் ஏறிய பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது.

நம் மொழிக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகிற மொழிகளில், வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளை தப்பாகப் படிப்பதைவிட மெதுவாகப் படிப்பதுதான் கண்ணில் படும். "சரியாகத்தானே படிக்கிறான்" என்று விட்டுவிடுவோம். வேகத்தையும் பாருங்கள். எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களில் குறியோ அதன் ஒரு பகுதியோ எழுத்துக்கு முன்னால் வரும், ஒலி பின்னால் வரும். ஒலிக்கிற வரிசையிலேயே எழுதப் பார்க்கும் பிள்ளைக்கு 'கே', 'கொ', 'கை' எல்லாமே இடறும். ல, ள, ழவும் ன, ணவும் எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் குழம்பும். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

2. முதலில் கண், காது

வேறு எதையும் யோசிப்பதற்கு முன்னால் பார்வையும் கேட்கும் திறனும் சோதிக்கப்பட்டதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். சாதாரணப் பரிசோதனைதான். இதை விட்டுவிட்டு மாதக்கணக்காக வேறு காரணம் தேடும் வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

கண் சுருக்கிப் பார்ப்பது, புத்தகத்தை முகத்துக்கு அருகில் வைப்பது, மதியத்துக்கு மேல் தலைவலி என்பது எல்லாம் எளிதில் தெரியும். காது அப்படியில்லை. சளி பிடித்தால் நடுக்காதில் நீர் கோத்து, சில வாரங்களுக்குச் சரியாகக் கேட்காமல், பிறகு தானாகச் சரியாகிவிடும் பிள்ளைகள் உண்டு. ஒரு வாரம் நன்றாகப் பதில் சொல்லி, அடுத்த வாரம் எதுவுமே காதில் விழாத மாதிரி இருந்தால், "வேண்டுமென்றே செய்கிறது" என்று நினைக்காமல் காதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. தடை எந்த இடத்தில் என்று பிரித்துப் பாருங்கள்

ஒரு வேலையில் பிள்ளை மாட்டிக்கொள்ளும் இடம் பொதுவாக மூன்றில் ஒன்று. தகவல் உள்ளே போகவில்லை. போனது, ஆனால் வேலை முடியும்வரை பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. எல்லாம் தெரிகிறது, ஆனால் தாளில் வரவில்லை.

சொற்கணக்கை வைத்து இதைச் சோதிக்கலாம். விடை தப்பு என்றால் கணக்குத் தெரியவில்லை என்று அர்த்தம் இல்லை. கணக்கை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். உடனே சரியாகச் சொன்னால் தடை வாசிப்பில். வாசித்தும் வரவில்லை என்றால், அதே கதையைச் சின்ன எண்களில் சொல்லுங்கள். இப்போது வந்தால், கதை புரிகிறது, பெரிய எண்ணைக் கையாளுவதுதான் சிக்கல். அப்போதும் வரவில்லை என்றால் காசு, குச்சி, கூழாங்கல் எதையாவது கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். மூன்று நிமிட வேலை. இந்த மூன்று நிமிடம் பத்துப் பயிற்சித்தாளுக்குச் சமம் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

பிள்ளையிடமே கேட்பதையும் மறக்காதீர்கள். "இதில் எந்த இடம் கஷ்டமா இருக்கு?" என்று தனியாகக் கேட்டால் எட்டு வயதுப் பிள்ளைகூடத் தெளிவாகச் சொல்லும். அந்தப் பையன் சொன்னது: "பலகையைப் பார்த்துட்டுக் குனிஞ்சா மறந்துடுது, மிஸ்."

4. தாள் வேலையை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆரம்பியுங்கள்

தேர்வில் கூடுதல் நேரம் போன்ற வசதிகளுக்கு அனுமதி வாங்கும் ஆவண வேலை இது. பலரும் தேர்வு நெருங்கும்போதுதான் இதைத் தொடுகிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடும். கற்றல் சிக்கலைக் கண்டறியும் நிபுணரிடம் மதிப்பீட்டுக்கு நாள் கிடைப்பதே பல இடங்களில் மாதக்கணக்கில் ஆகிறது. அப்புறம் அறிக்கை வர வேண்டும், பள்ளி விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு நடத்துபவர்கள் அனுமதி தர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி உண்டு. பள்ளி திறந்த முதல் மாதமே அந்தத் தேதிகளை விசாரித்து, பின்னாலிருந்து எண்ணி, நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

ஒரு பிள்ளைக்கு ஒரு கோப்பு. அதில் இவை இருக்க வேண்டும்:

- உங்கள் கவனிப்புக் குறிப்புகளின் நகல், தேதியோடு.
- பிள்ளை எழுதியவற்றில் மூன்று நான்கு தாள், திருத்தாத நிலையில். ஒன்றாவது அவசரமில்லாமல் எழுதியதாக இருக்கட்டும்.
- கண், காது பரிசோதனை முடிவு.
- பெற்றோரிடம் பேசிய நாள், பேசியது என்ன, அவர்கள் எழுத்தில் தந்த சம்மதம்.
- நிபுணரின் மதிப்பீட்டு அறிக்கை இருந்தால் அதன் நகல். அசல் பெற்றோரிடமே இருக்க வேண்டும்.
- ஒரு பக்கத் தனிநபர் கல்வித் திட்டம், அதாவது அந்தப் பிள்ளைக்கென்று எழுதும் இலக்கும் உதவிகளும்.

அறிக்கையை வாங்கியதும் தேதியைப் பாருங்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் எடுத்த மதிப்பீட்டைத்தான் ஏற்போம் என்று சொல்லும் தேர்வு அமைப்புகள் உண்டு. பெயரும் பிறந்த தேதியும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு மாணவியின் பெயரில் ஓர் எழுத்து மாறியதால் விண்ணப்பம் திரும்பி வந்து ஐந்து வாரம் போனது எனக்கு நடந்திருக்கிறது. அந்த மாணவி அந்தத் தேர்வைக் கூடுதல் நேரம் இல்லாமலேயே எழுத வேண்டியதாயிற்று. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் வேறு மொழி என்றால் இன்னும் நிதானம் வேண்டும். புது மொழியைக் கற்றுக்கொண்டிருப்பதற்கும் கற்றல் குறைபாட்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்று போலவே இருக்கும். தாய்மொழியில் கதை சொல்ல வருகிறதா, ஒலிகளைப் பிரித்தறிய முடிகிறதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில் சிக்கினால்தான் குறைபாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். மதிப்பீடும் பிள்ளைக்கு நன்றாக வரும் மொழியில் நடக்க வேண்டும்.

ஆட்டிசம், டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு), கவனக்குறைபாடு என்று நீங்களாகப் பெயர் வைத்துப் பெற்றோரிடம் சொல்லாதீர்கள். அது நம் வேலை இல்லை. "பலகையைப் பார்த்து எழுத இவ்வளவு நேரம் ஆகிறது, தாளைப் பார்த்தால் இவ்வளவு" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். முதலில் பிள்ளைக்கு நன்றாக வருவது ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், அதுவும் உண்மையானதாக இருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், உதவியைத் தொடங்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. தேர்வு அனுமதிக்குத்தான் தாள் வேண்டும். பலகையில் எழுதுவதன் நகலை மேசையில் வைக்க யாருடைய கையெழுத்தும் வேண்டாம், நாளைக்கே வைக்கலாம்.

5. பாடத்தின் கருவைப் பிரித்தெடுங்கள்

பாடக்குறிப்பு எழுதும்போது ஒரே ஒரு கேள்வி: இந்தப் பாடவேளை முடியும்போது எல்லோரும் எதைத் தெரிந்திருக்க வேண்டும்? ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரியில் இல்லாதது எல்லாம் தளர்த்தக்கூடியது.

நீர்ச் சுழற்சி பாடம் என்றால் ஆவியாதல், குளிர்ந்து மேகமாதல், மழையாதல் ஆகியவற்றின் தொடர்பு புரிய வேண்டும். அதுதான் கரு. அழகான கையெழுத்தும், பிழையில்லாத எழுத்தும், பத்து வரிக் கட்டுரையும் அந்தக் கருவில் இல்லை. படத்தில் அம்புக்குறி போட்டு வாயால் விளக்கினால் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் பொருள். அதுவே எழுத்துப்பிழை பற்றிய பாடமானால், எழுத்தைத் தளர்த்த முடியாது. ஒவ்வொரு நாளும் இதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் மூன்று படி எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் எட்ட வேண்டியது, பெரும்பாலோர் எட்டக்கூடியது, சிலர் போகக்கூடிய தூரம். மூன்றும் ஒரே வேலையின் மூன்று படிகளாக இருக்கட்டும், தனித்தனி வேலைகளாக வேண்டாம். முன்னால் ஓடும் மூன்று பேருக்கு அதே மாதிரிக் கணக்கை இன்னும் பத்துக் கொடுப்பது தண்டனை. "இந்த விடை வருகிற மாதிரி நீயே ஒரு கணக்கு உருவாக்கு", "இந்த விதி எப்போது பொய்க்கும்?" என்று கேளுங்கள். வேகமாகச் சிந்திக்கிற பிள்ளைக்கே வாசிப்புக் குறைபாடும் இருக்கலாம். ஒன்று மற்றதை மறைத்துவிடும், அதனால் இரண்டுமே நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

6. நீங்கள் பேசும், எழுதும் விதத்தை மாற்றுங்கள்

செலவே இல்லாத, பலன் அதிகமுள்ள மாற்றங்கள் இங்கேதான் இருக்கின்றன.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்புப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று வினாடி என்பது நின்று பார்த்தால் மிக நீளமாகத் தோன்றும். நான் மனதுக்குள் மூன்று வரை எண்ணப் பழகிக்கொண்டேன்.

ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. "நோட்டை எடுத்து, தேதி போட்டு, முப்பதாம் பக்கம் மூன்றாம் கணக்கைப் போட்டுவிட்டு, முடித்தவர்கள் நான்காவதைப் பாருங்கள்" என்றால் அதில் ஐந்து வேலை இருக்கிறது. சிலர் மனதில் இரண்டுதான் தங்கும். சொல்லிக்கொண்டே பலகையின் ஓரத்தில் 1, 2, 3 என்று எழுதுங்கள். பாடவேளை முழுக்க அது அழியாமல் இருக்கட்டும்.

பலகையைப் பார்த்துப் பேசாதீர்கள். காதுக் கருவி போட்ட பிள்ளைக்கு உங்கள் வாய் தெரிய வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும், அதையும் தவிருங்கள். பின்வரிசையில் ஒருவர் சொன்ன பதிலைத் திருப்பி ஒரு முறை சொல்லுங்கள். கருவி சத்தத்தைக் கூட்டித் தருமே தவிர, இரைச்சலில் இருந்து பேச்சை முழுதாகப் பிரித்துத் தராது. ஒரே நேரத்தில் பலர் பேசும் குழுவேலை அவளுக்கு மிகக் கடினம். குழுவை அமைதியான மூலைக்கு நகர்த்துங்கள்.

பார்வை குறைந்த பிள்ளை இருந்தால், "இதையும் அதையும் கூட்டினால் இது வரும்" என்று பலகையைத் தட்டிக்காட்டாமல், எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள்: "ஏழையும் ஐந்தையும் கூட்டினால் பன்னிரண்டு." இது நாற்பது பேருக்கும் உதவும்.

அச்சுத்தாள் கொடுப்பதாக இருந்தால் 14 புள்ளி அளவு எழுத்து, வரிகளுக்கு இடையே ஒன்றரை மடங்கு இடைவெளி. இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும், இரண்டு ஓரத்தையும் நேராக்கினால் சொற்களுக்கு இடையே ஓட்டை விழும். ஒரு பக்கத்தில் ஆறு கேள்விக்கு மேல் வேண்டாம். பார்வை குறைந்தவருக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு என்றால் 18 புள்ளியிலிருந்து தொடங்கி, எது வசதி என்று அவரையே கேளுங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றைய வரிசை முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி பதற்றம் குறையும். பாடவேளை மாறப்போகிறது என்றால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். "காதைத் தீட்டிக்கொள்" என்றால் காதைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. மரபுத்தொடர் சொன்னால் அதன் பொருளையும் சேர்த்தே சொல்லுங்கள். உட்கார முடியாத பிள்ளைக்கு நடமாட ஒரு நியாயமான வேலை கொடுங்கள். நோட்டு விநியோகிப்பது, பலகை துடைப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். அவனுக்கு இடைவேளையை மட்டும் பறிக்காதீர்கள். ஓடி ஆடினால்தான் அடுத்த பாடவேளைக்கு அவனால் உட்காரவே முடியும்.

7. நாற்பது நிமிடத்தில் இதை எப்படிப் பொருத்துவது

மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் என்ற பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். நான்கு மூன்றைவிடப் பெரிது, அதனால் நான்கில் ஒன்றுதான் பெரிது என்று நிறையப் பேர் நினைப்பார்கள். கரு: பங்கு கூடக் கூட ஒரு பங்கு சிறிதாகும்.

முதல் ஐந்து நிமிடம் எல்லோர் கையிலும் ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டை. ஒன்றை மூன்றாகவும் இன்னொன்றை நான்காகவும் மடிக்கிறார்கள். மூன்றாக மடிப்பது கடினம் என்பதால் அந்தப் பட்டையில் நான் முன்பே இரண்டு புள்ளி வைத்திருப்பேன். எல்லோர் பட்டையிலும்தான், ஒருவருக்கு மட்டும் இல்லை. அடுத்த எட்டு நிமிடம் விளக்கம். ஒவ்வொரு சொல்லையும் பட்டையைக் காட்டிச் சொல்லி, பலகையில் படம் வரைந்து, பக்கத்தில் எண்ணை எழுதுவேன். அப்புறம் பதினைந்து நிமிடம் வேலை. மூன்று படியும் ஒரே தாளில் மேலிருந்து கீழாக இருக்கும். பட்டையை வைத்துப் பார்த்து எழுதலாம், வைக்காமலும் எழுதலாம். பட்டை எல்லோர் மேசையிலும் இருப்பதால் எடுத்துப் பார்ப்பது யாருக்கும் வெட்கமில்லை. இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் தேவைப்படும் மூன்று நான்கு பேரோடு நான் உட்காருகிறேன். யார் என்பது நாளுக்கு நாள் மாறும்.

கடைசி ஏழு நிமிடம் ஒரே கேள்வி: "ஐந்தில் ஒன்று பெரிதா, ஆறில் ஒன்று பெரிதா, ஏன்?" எழுதலாம், வரையலாம், என்னிடம் வந்து சொல்லலாம். மீதி ஐந்து நிமிடம் தாள் சேகரிக்க, சிந்தியதைப் பொறுக்க. அதைக் கணக்கில் சேர்க்காத பாடக்குறிப்பு நடக்காது.

தலைசாய்த்த பையன் அன்றைக்கு என் மேசைக்கு இரண்டு பட்டையையும் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, நகத்தால் மடிப்பைத் தடவிக் காட்டி, "நிறையப் பேர் பங்கு கேட்டா கொஞ்சம் கொஞ்சமாத்தான் கிடைக்கும், அதான்" என்றான். தாளில் அவன் எழுதியிருந்தது ஒரே சொல். கரு அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

8. வசதி வேறு, பாடத்தைக் குறைப்பது வேறு

இந்த வித்தியாசம் தெரியாமல் இறங்கினால் பின்னால் பிள்ளைதான் பாதிக்கப்படும். கேள்வியை வாசித்துச் சொல்வது, கூடுதல் நேரம், சொல்வதை இன்னொருவர் எழுதுவது, பெரிய எழுத்து, தனி அறை எல்லாம் வசதிகள். எல்லோரும் கற்க வேண்டியதையே இந்தப் பிள்ளையும் கற்கிறது, வழிதான் வேறு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்தால் அது பாடத்தைக் குறைப்பது. சில பிள்ளைகளுக்கு அது சரியான, தேவையான முடிவு. ஆனால் மதிப்பெண், சான்றிதழ், மேற்படிப்பு எல்லாவற்றையும் அது தொடும். பெற்றோருக்குத் தெரியாமல், எழுத்தில் பதியாமல், ஆசிரியர் தானாக இதைச் செய்யவே கூடாது. முதலில் வசதிகளை முழுதாக முயன்று பாருங்கள்.

தேர்வில் தரப்போகும் வசதி எதுவானாலும் அது வகுப்பிலேயே பழகியதாக இருக்க வேண்டும். சொல்லி எழுதவைப்பது ஒரு திறமை. வாக்கியத்தை மனதில் அமைத்து, நிறுத்தி நிறுத்திச் சொல்லி, எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தேர்வன்றுதான் முதல் முறை என்றால் அந்த வசதியே சுமையாகிவிடும். குறைந்தது இரண்டு மாதம் முன்பிருந்து வாரம் ஒரு முறையாவது பழக்குங்கள்.

9. செலவு: எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

பெரும்பாலான மாற்றங்களுக்குக் காசு தேவையில்லை. வரியைத் தொடர ஓர் அளவுகோல். மற்ற வரிகளை மறைக்க நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை. நேரம் தெரிய ஒரு மணல் கடிகாரம். பெருக்கல் வாய்ப்பாட்டு அட்டை. கைபேசியிலும் கணினியிலும் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி, பேச்சை எழுத்தாக்கும் வசதி இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. வாங்கும் முன் அமைப்புகளில் தேடிப் பாருங்கள். உண்மையில் நீங்கள் செலவழிக்கப்போவது நேரம்தான். முதல் மாதம் ஒரு பாடத்துக்கு இருபது நிமிடம் கூடுதலாகும். பழகிய பின் எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருக்கிறது.

பெற்றோர் கையில் காசு வைத்துக்கொண்டு "இதை வாங்கவா?" என்று கேட்டு வருவார்கள். நிறக் கண்ணாடி, நிறத் தாள், கண் பயிற்சி எல்லாம் வாசிப்புக் குறைபாட்டைச் சரிசெய்யும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் சேர்ந்து 2009ல் அறிக்கையே வெளியிட்டார்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளையைச் சோதித்துப் பிரித்துத் தருகிறோம் என்பவர்களிடமும் போக வேண்டாம். 2008ல் நான்கு உளவியல் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அந்தப் பிரிவுப்படி பாடம் நடத்தினால் பலன் கூடும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். படம், பேச்சு, கைவேலை மூன்றையும் எல்லோருக்கும் கலந்து கொடுங்கள். அந்தக் காசு இருந்தால், ஒலியையும் எழுத்தையும் இணைத்து வரிசையாகக் கற்பிக்கத் தெரிந்த சிறப்பாசிரியரிடம் வாரம் சில மணி நேரத்துக்குப் போகட்டும்.

10. நான் விழுந்த, மற்றவர்களும் விழும் குழிகள்

முன்னறிவிப்பு இல்லாமல் சத்தமாக வாசிக்கச் சொல்வது. வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. எந்தப் பத்தி என்று முந்தைய நாளே சொல்லிவிட்டால், வீட்டில் பத்து முறை படித்துவிட்டு வந்து வாசிக்கும்.

நன்றாகப் படிக்கும் மாணவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ பார்த்துக்கோ" என்று ஆண்டு முழுக்க விட்டுவிடுவது. அவளும் படிக்கத்தான் வந்திருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இடத்தை மாற்றுங்கள்.

உதவியாளர் இருந்தால், விடையை அவரே எழுதிக் கொடுத்துவிடுவது. அவருக்கு ஒரு விதி சொல்லிவையுங்கள்: முதலில் காத்திரு, பிறகு கேள், பிறகு குறிப்புக் கொடு, கடைசியில்தான் செய்து காட்டு.

"அவனுக்கு மட்டும் ஏன் கூடுதல் நேரம்?" என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். அதட்டாதீர்கள், நியாயமான கேள்வி. "கண்ணாடி போட்டவரைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பலகையை வாசிக்கச் சொன்னால் சரியா?" என்று கேட்டேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளையின் அறிக்கையில் உள்ளதை ஒருபோதும் வகுப்பில் சொல்லக் கூடாது. ஆசிரியர் அறையிலும் கூடாது.

11. ஆறு வாரத்தில் திரும்பிப் பாருங்கள்

கோப்பில் வைத்த ஒரு பக்கத் திட்டத்தில் இலக்கு அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "வாசிப்பில் முன்னேற்றம்" என்பதை அளக்க முடியாது. "புதிய பத்தியில் ஒரு நிமிடத்தில் சரியாக வாசிக்கும் சொற்கள் 28லிருந்து 36 ஆக வேண்டும்" என்பதை அளக்கலாம். வாரம் ஒரு முறை அளந்து வரைபடத்தில் புள்ளி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றைச் சேர்த்துச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது.

ஆறு வாரம் கழித்துப் புள்ளிகள் மேலே போகின்றன என்றால் தொடருங்கள். அசையவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லாமல் திட்டத்தை மாற்றுங்கள். பயன்படாத உதவியை நிறுத்துவதும் இந்தக் கட்டத்தில்தான். வாய்ப்பாட்டு அட்டையைத் தொடாமலேயே கணக்குப் போட ஆரம்பித்த பிள்ளையிடம் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று கேளுங்கள், அது முடிவு செய்யட்டும்.

12. ஆண்டுக் கடைசியில் ஒரு தாள்

அடுத்த வகுப்பு ஆசிரியர் மறுபடி இரண்டு மாதம் தேட வேண்டாம். ஒரே பக்கத்தில் மூன்று பகுதி எழுதிக் கொடுங்கள்: எது உதவியது, எதை முயன்றும் உதவவில்லை, எந்தத் தேர்வுக்கு எந்த அனுமதி எந்தத் தேதிவரை செல்லும். பெற்றோர் சம்மதத்தோடு கொடுங்கள். கீழே இரண்டு வரி காலியாக விட்டு, பிள்ளையையே எழுதவோ சொல்லவோ விடுங்கள். அந்தப் பையன் சொல்ல, நான் எழுதியது இது: "பலகையில எழுதுறத எனக்கு ஒரு தாள்லயும் குடுங்க. வாசிக்கச் சொல்றதா இருந்தா முந்தின நாளே சொல்லிடுங்க. கணக்கு நானே போட்டுக்குவேன்."